அடியில் பெயரில்லாத ஒரு பழைய மாடல் ரயில் சரக்குப் பெட்டி: செய்தவர் யார், செய்த காலம் எது?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் என் சொற்களில் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அங்கேயே திருத்திவிடலாம். குடும்பத்தின் பழைய பொருள்களுக்கு நடுவே, கப்ளிங்கை, அதாவது பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பாகத்தைச் சேர்க்காமல் உடல் மட்டும் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் நீளமுள்ள, செம்பழுப்பு நிறத்து மூடிய சரக்குப் பெட்டி மாடல் ஒன்று கிடைத்திருக்கிறது. கூரையும் அடித்தளமும் மரம்; பக்கங்கள் ரிவெட் புள்ளிகள் அழுத்தப்பட்ட மெல்லிய உலோகத் தகடு; இரு முனைச் சுவர்களும் வார்ப்பு உலோகம். பக்கத்தில் அமெரிக்க ரயில் நிறுவனமான பென்சில்வேனியா ரயில்ரோடின் பெயர், வட்டத்துக்குள் ஒரு கீஸ்டோன் சின்னம், ‘எக்ஸ்29’ என்ற சிறிய எழுத்து, ‘பி.எல்.டி. 4-29’ என்ற தேதி, சற்றுத் தள்ளி ‘3-48’ போலத் தோன்றும் இன்னொரு தேதி ஆகியவை இருக்கின்றன. ஒரு முனையில் உலோகக் கொக்கியும் வளையமும் சேர்ந்த கப்ளிங், மறு முனையில் பிளாஸ்டிக் கப்ளிங். தயாரிப்பாளர் பெயர் எங்கும் இல்லை. இது 1929-ல் லயனல் என்ற அமெரிக்கப் பொம்மை ரயில் நிறுவனம் செய்தது என்று ஒருவர் சொன்னார், அது சரிதானா என்று கேட்கிறீர்கள்.

இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்த மாடல் எந்த உண்மையான பெட்டியைப் பார்த்துச் செய்யப்பட்டது? இதன் பாகங்களை உருவாக்கி விற்றவர் யார்? இவற்றை ஒன்று சேர்த்தவர் யார், எப்போது? தொழிற்சாலையில் முழுமையாக முடித்துப் பெட்டியில் அடைத்து விற்ற பொம்மை ரயிலில் பின்னிரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடை. மரமும் தகடும் வார்ப்பும் கலந்த உங்கள் பெட்டியில் அப்படி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பழைய சரக்கு மாடல்களைப் பழுது பார்ப்பதிலும் வகைப்படுத்துவதிலும் பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது லயனல் செய்ததன்று, 1929-ல் செய்ததும் அன்று. இவை இரண்டும் உறுதி. அமெரிக்காவில் உதிரிப் பாகங்களாக, அதாவது கிட்டாக விற்கப்பட்டு, ஒருவர் வீட்டில் உட்கார்ந்து கட்டிய எச்.ஓ. அளவு, அதாவது உண்மையில் ஏறத்தாழ 87-ல் ஒரு பங்கு மாடல் இது என்பது ஏறக்குறைய உறுதி. 1940-களின் பிற்பகுதிக்கும் 1950-களின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்டது என்பது வலுவான ஊகம். கிட்டை விற்ற நிறுவனம் எது என்பதை மட்டும் நீங்கள் தந்த விவரங்களைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. ஆனால் வட்டத்தைச் சுருக்கலாம்.

எந்த மாடலையும் எழுத்தைப் படிப்பதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்கச் சரக்குப் பெட்டிகளில் மிகப் பரவலானது 40 அடிப் பெட்டி, அதாவது சுமார் 12.2 மீட்டர். அதை 48-ல் ஒரு பங்காகக் குறுக்கினால் 254 மில்லிமீட்டர் வரும். அது அமெரிக்க ஓ அளவு. 64-ல் ஒரு பங்கான எஸ் அளவில் 190 மில்லிமீட்டர், 76.2-ல் ஒரு பங்கான ஓ.ஓ. அளவில் 160 மில்லிமீட்டர், 87.1-ல் ஒரு பங்கான எச்.ஓ. அளவில் 140 மில்லிமீட்டர், 160-ல் ஒரு பங்கான என் அளவில் 76 மில்லிமீட்டர். உங்கள் 14 சென்டிமீட்டர் எச்.ஓ.வில் கச்சிதமாக அமர்கிறது. இருந்தாலும் ஓர் எச்சரிக்கை தேவை. பொம்மை ரயில் செய்தவர்கள் கூர்மையான வளைவுகளில் பெட்டி திரும்ப வேண்டும் என்பதற்காக நீளத்தை மட்டும் வெட்டிக் குறுக்குவது வழக்கம். ஆகவே நீளத்தோடு அகலத்தையும் உயரத்தையும் அளந்து, மூன்றும் ஒரே விகிதத்தைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். அடுத்து, சக்கரங்கள் ஓடும் தண்டவாள இடைவெளி. எச்.ஓ. என்றால் 16.5 மில்லிமீட்டர், எஸ் என்றால் 22.5, ஓ என்றால் 32. அமெரிக்க ஓ.ஓ.வில் 19 மில்லிமீட்டர். ஆனால் பிரித்தானிய ஓ.ஓ. மாடல்கள் எச்.ஓ.வின் அதே 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடுகின்றன. எனவே இடைவெளி மட்டும் ஒருபோதும் தீர்ப்பாகாது. உடலின் அளவும் சேர்ந்து பேச வேண்டும்.

லயனலை விலக்குவது இந்த அளவுகளோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஜோஷுவா லயனல் கோவன் 1900-ல் நியூயார்க்கில் தொடங்கிய அந்த நிறுவனம் 1929-ல் விற்றுக்கொண்டிருந்தவை ஓ கேஜும் (கேஜ் என்பது தண்டவாள இடைவெளி) அதைவிடப் பெரிய, 54 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட ஸ்டாண்டர்ட் கேஜும்தான். இரண்டுமே உங்கள் பெட்டியைவிடக் கணிசமாகப் பெரியவை, மூன்று தண்டவாளத்தில் ஓடுபவை. சிறிய அளவில் அவர்கள் முதலில் இறங்கியது 1938-ல், 19 மில்லிமீட்டர் ஓ.ஓ. வரிசையில், போர் காரணமாக அது 1942-ல் நின்றது. எச்.ஓ. மாடல்களை லயனல் 1957-ல்தான் விற்கத் தொடங்கியது. அவற்றையும் முதலில் இத்தாலியின் ரிவரோசியிடமிருந்தும், மறு ஆண்டு அமெரிக்காவின் ஆதர்னிடமிருந்தும் வாங்கித் தன் பெயரில் விற்றது. அவை பிளாஸ்டிக் பெட்டிகள். மரக்கூரை கொண்ட பெட்டி அந்த வரிசையில் எங்கும் பொருந்தாது. பெட்டி மேல் அச்சான நிறுவனப் பெயர்கூட அதை வார்த்தவரின் பெயராக இருக்க வேண்டியதில்லை என்பதை இந்த ரிவரோசி, ஆதர்ன் ஏற்பாடு காட்டுவதால் இதைச் சற்று விரித்துச் சொன்னேன்.

இனி, எல்லோரையும் தடுமாற வைக்கும் தேதிகளுக்கு வருவோம். பி.எல்.டி. என்பது ‘கட்டப்பட்டது’ என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். அடுத்து வரும் எண்கள் மாதமும் ஆண்டும். ஆனால் அது உண்மையான பெட்டி பட்டறையிலிருந்து வெளிவந்த மாதம். மாடல் பிறந்த மாதமன்று. எக்ஸ்29 என்பது பென்சில்வேனியா ரயில்ரோடு 1924 முதல் 1934 வரை கட்டிய எஃகுப் பெட்டி வகை. ஏறத்தாழ 30,000 பெட்டிகள் அந்த வகையில் ஓடின. ஆகையால் 1929 ஏப்ரல் என்ற தேதி அந்த வகைக்கு முற்றிலும் பொருந்துகிறது. மாடலைச் செய்தவர் தன் முன்னால் இருந்த பெட்டியின் புகைப்படத்தையோ வரைபடத்தையோ உண்மையாகப் பின்பற்றியிருக்கிறார் என்பதற்கு அது சான்று. அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. எச்.ஓ. மாடல்கள் அமெரிக்காவில் வணிகப் பொருளாகப் பரவியது 1930-களில்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 1929 என்ற ஆண்டைக் கைவிடலாம்.

எனக்கு உண்மையில் ஆவலைத் தருவது அந்த இரண்டாவது, மங்கலான தேதி. அமெரிக்கச் சரக்குப் பெட்டிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வெறுமையாக எடை போட்டு, புதிய எடையையும் எடை போட்ட இடத்தின் குறியீட்டையும் தேதியையும் பக்கத்தில் எழுதுவது அன்றைய விதி. புதிய பெட்டியானால் அந்த இடத்தில் ‘புதியது’ என்ற சொல் இருக்கும். உங்கள் பெட்டியில் ‘3-48’ என்பது எடை எண்களை ஒட்டி இருக்குமானால், அது மறு எடைத் தேதி. அப்படியானால் இந்த எழுத்து வரிசை 1948 மார்ச்சுக்கு முன் வரையப்பட்டிருக்க முடியாது. ஒரு மாடலின் மேலுள்ள தேதிகளில் மிகப் பிந்தியது எதுவோ அதுவே கீழெல்லை. மாடல் அதற்கு எத்தனை ஆண்டு பின்னால் வேண்டுமானாலும் செய்யப்பட்டிருக்கலாம், முன்னால் மட்டும் முடியாது. ஆனால் ஒரு மில்லிமீட்டர்கூட உயரமில்லாத எழுத்தில் 8-ஐ 3 என்றும் 6 என்றும் படித்துவிடுவது எளிது. நானே அப்படிப் படித்து, ஒரு பெட்டியின் காலத்தை ஐந்து ஆண்டு முன்னால் தள்ளியிருக்கிறேன். அதனால் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விளக்கொளி விழும்படி வைத்து, பத்து மடங்கு உருப்பெருக்கியால் மீண்டும் படியுங்கள். பெட்டியின் இரு பக்கங்களையும் படியுங்கள். ஒரு பக்கத்தில் தேய்ந்தது மறு பக்கத்தில் தெளிவாக இருக்கலாம்.

சின்னமும் இதே வகையில் உதவுகிறது. கீஸ்டோன் என்பது கல் வளைவின் உச்சியில் பொருத்தும் ஆப்பு வடிவக் கல். பென்சில்வேனியா ரயில்ரோடின் அடையாளம். சரக்குப் பெட்டிகளில் அதை வட்டத்துக்குள் வைத்து வரைந்தது 1954-க்கு முந்தைய வழக்கம். அந்த ஆண்டில் நிழல் விழுவது போல வரையப்பட்ட பெரிய கீஸ்டோன் வந்தது. உங்களுடையது வட்டச் சின்னம் என்பதால் மாடல் 1954-க்கு முந்தையது என்று சொல்லத் தோன்றும். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பழைய சின்னத்தை விரும்பிப் பின்னாளில் செய்தவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். வட்டச் சின்னம் மேலெல்லை ஆகாது. மற்ற சான்றுகளோடு சேரும்போது ஒரு சாய்வை மட்டும் தருகிறது.

எழுத்துகள் எப்படி ஏறின என்பதையும் அதே சாய்வொளியில் பாருங்கள். எழுத்தைச் சுற்றி மெல்லிய கண்ணாடிப் படலத்தின் விளிம்பு தெரிந்தால், அது தண்ணீரில் நனைத்து ஒட்டிய டீக்கால். அதாவது கட்டியவர் தன் கையால் ஒட்டியது. டீக்கால்களைத் தனியாகவே வாங்க முடிந்ததால், எழுத்துகளும் தேதிகளும் கிட்டோடு வந்தவை என்ற அனுமானம் அங்கே உடைகிறது. விளிம்பே இல்லாமல் வண்ணம் தகட்டோடு ஒன்றிப் போயிருந்து, ரிவெட் தலைகளின் மேலும் எழுத்து முறிவில்லாமல் ஏறியிருந்தால், தகட்டை அழுத்தும் முன்போ பின்போ தொழிற்சாலையில் அச்சிட்டது. அப்போது 1948 என்ற தேதியின் மதிப்பு பல மடங்கு உயரும், ஏனெனில் அது கிட்டைச் செய்தவரின் தேதி ஆகிவிடுகிறது. என்னைக் கேட்டால், உங்கள் பெட்டியில் வேறெதையும்விட முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான்.

பொருள்களின் கலவை காலத்தை நன்றாகவே சுட்டுகிறது. மர அடித்தளம், மரக்கூரை, அச்சிட்ட அட்டை அல்லது அழுத்திய தகட்டுப் பக்கங்கள், வார்ப்பு முனைகள் என்ற அமைப்பு 1930-களின் பிற்பகுதியிலிருந்து 1950-களின் நடுப்பகுதி வரை எச்.ஓ. கிட்களின் பொது மொழி. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் உலோகம் கட்டுப்படுத்தப்பட்டு, 1942-ல் பொம்மை ரயில் உற்பத்தியே நின்றுபோனது. லயனல் 1943-ல் அட்டையில் வெட்டி மடிக்கும் ரயிலை விற்றது அந்த நெருக்கடியில்தான். எனவே தகட்டுப் பக்கமும் உலோக முனையும் கொண்ட கிட் 1942-க்கு முன்போ 1945-க்குப் பின்போ வந்திருக்க வேண்டும் என்பது நியாயமான கணிப்பு. 1948 என்ற வாசிப்பு சரியானால் முதல் வாய்ப்பு தானே விலகிவிடும். மறு எல்லையில், 1950-களின் நடுவிலிருந்து பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் வார்ப்புப் பெட்டிகள் வந்து இவற்றின் இடத்தைப் பிடித்தன. மரக் கிட்கள் அதன் பிறகும் சில நிறுவனங்களிடமிருந்து வந்துகொண்டிருந்தன என்பதால் அது வழுக்கும் எல்லை. ஒருவர் 1950-ல் வாங்கிய கிட்டை 1965-ல் கட்டியிருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. கிட்டின் வயதைச் சான்றுகள் காட்டும், கட்டிய நாளை அநேகமாகக் காட்டா.

போகிகள், அதாவது நான்கு சக்கரங்களைத் தாங்கும் சுழல் சட்டகங்கள், தனிக் கதை. அந்தக் காலத்தில் அவற்றைத் தனியாக வாங்கிப் பொருத்துவது மிகச் சாதாரணம். சென்ட்ரல் வேலி போன்ற நிறுவனங்கள் போகிகளுக்காகவே பெயர் பெற்றிருந்தன. அதனால் போகியின் உட்புறத்தில் சிறிய வார்ப்பெழுத்தில் பெயர் ஏதேனும் தென்பட்டால், அது போகியைச் செய்தவரின் பெயர் மட்டுமே; பெட்டியின் பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள். நடு மரச் சட்டத்தில் இறங்கும் திருகைக் கழற்றி, போகியின் மேற்புறத்தையும் குறுக்குத் துண்டின் அடியையும் உருப்பெருக்கியால் பாருங்கள். பெயர் இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். சக்கரங்களை மல்டிமீட்டரால் சோதியுங்கள். ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கு இடையே மின்சாரம் பாயவில்லை என்றால் இரண்டு தண்டவாள முறைக்காகச் செய்தது. பாய்ந்தால், ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் போன்றவர்களின் மூன்று தண்டவாள முறையையோ, சக்கரங்கள் மாற்றப்பட்ட வரலாற்றையோ நினைக்க வேண்டும். சக்கர விளிம்பின் ஆழமும் பேசும்: பிற்காலத் தரமான ஆர்.பி.25 விளிம்பு ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர்தான், பழையவை பொதுவாக அதைவிட ஆழம். ஆனால் ஒரு மாடலில் மிக எளிதாக மாற்றப்படும் பாகம் சக்கரம் என்பதால், இதற்கு நான் குறைந்த எடையே தருகிறேன்.

கழற்றிய திருகைத் தூக்கி வைத்துவிடாதீர்கள். பலர் பார்க்கத் தவறும் சான்று அது. மரத்தில் இறங்கும் கூர்முனைத் திருகானால் அதிகம் சொல்லாது. உலோகத்தில் இறங்கும் திருகானால், அமெரிக்க மாடல்களில் பெரும்பாலும் 2-56 என்ற மரை இருக்கும்: 2.18 மில்லிமீட்டர் விட்டம், ஓர் அங்குலத்துக்கு 56 சுற்று. ஐரோப்பியக் கண்டத்து மாடலானால் 2 மில்லிமீட்டர் மெட்ரிக் மரையை எதிர்பார்க்கலாம். வெர்னியர் காலிப்பர் இந்த வேறுபாட்டைக் காட்டிவிடும். பிரித்தானிய 8 பி.ஏ. மரை 2.2 மில்லிமீட்டர் என்பதால் அதையும் 2-56-ஐயும் விட்டத்தால் மட்டும் பிரிக்க இயலாது. உங்கள் பெட்டியின் அளவு பிரித்தானிய வாய்ப்பை ஏற்கெனவே விலக்கிவிட்டதால் இங்கே அது தடையில்லை.

கப்ளிங்குகள் இரண்டும் வெவ்வேறு என்பதே, பெட்டி யாரோ ஒருவரிடம் பல ஆண்டுகள் ஓடியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. கொக்கியும் வளையமும் சேர்ந்த உலோக வகையை மான்டுவா நிறுவனம் பரவச் செய்தது. அது பழைய முறை. நீங்கள் சொல்லும் பிளாஸ்டிக் கப்ளிங் கொம்பு போல ஒரு பக்கம் நீண்டு வளைந்திருந்தால், அது எக்ஸ்2எஃப் எனப்படும் வகை. 1935-ல் தொடங்கிய அமெரிக்கத் தேசிய மாடல் ரயில்ரோடு சங்கத்தின் முயற்சியில் உருவாகி 1950-களில் பரவியது. ஒன்று பழையது, ஒன்று புதியது என்றால், பழையதே ஆரம்பத்தில் இரு முனையிலும் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அடித்தளத்தில் பிளாஸ்டிக் கப்ளிங் உள்ள முனையில் பயன்படாத பழைய திருகுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்த ஊகம் உறுதியாகிவிடும். மான்டுவா கப்ளிங் இருப்பதால் பெட்டியும் மான்டுவாவுடையது என்று முடிவு கட்டுவது தவறு. அந்தக் கப்ளிங்கைப் பிற நிறுவனப் பெட்டிகளிலும் ஏராளமானோர் பொருத்தினார்கள்.

கடைசியாக, நிறுவனம். அந்தக் காலத்தில் எச்.ஓ. சரக்குப் பெட்டிக் கிட்களை விற்றவர்களில் வார்னி, மான்டுவா, ஆதர்ன், வால்தர்ஸ், சில்வர் ஸ்ட்ரீக், ரெட் பால் ஆகியவை நான் முதலில் ஒப்பிட்டுப் பார்க்கும் பெயர்கள். இவர்களில் பலர் தம் பெயரைக் கிட் பெட்டியிலும் செய்முறைத் தாளிலும் மட்டுமே அச்சிட்டார்கள். அந்தக் கிட் பெட்டியும் தாளும் தொலைந்தால் மாடல் பெயரற்றதாகிவிடுகிறது. உங்கள் மாடலுக்கு நேர்ந்தது அதுதான். ரெட் கபூஸ் போன்ற பிற்கால எக்ஸ்29 கிட்கள் பிளாஸ்டிக் என்பதால் அவற்றை எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. மீதியுள்ளவர்களுக்குள் பிரித்தறிய, வார்ப்பு முனைச் சுவரின் உட்புறமும், தகட்டுப் பக்கம் மரத்தோடு சேரும் விதமும்தான் வழி: தகடு கீழே உள்நோக்கி மடிந்து அடித்தளத்தைப் பற்றுகிறதா, சிறு ஆணியால் அறையப்பட்டிருக்கிறதா, வெறும் பசையால் ஒட்டியிருக்கிறதா? ஒரு நிறுவனம் தன் வரிசையில் பெரும்பாலும் ஒரே முறையைக் கையாண்டிருக்க வாய்ப்பு அதிகம், ஏனெனில் அச்சுகளை மாற்றுவது செலவு. பெயர் உறுதியாகத் தெரிந்த ஒரு பெட்டியோடு இந்த இணைப்பை ஒப்பிட்டால் விடை கிடைக்கலாம். 1934 முதல் மில்வாக்கியிலிருந்து வெளிவந்த மாடல் ரெயில்ரோடர் மாத இதழின் 1948 முதல் 1955 வரையான விளம்பரப் பக்கங்களும், வால்தர்ஸின் பழைய விற்பனைப் பட்டியல்களும் எக்ஸ்29 என்ற பெயரைத் தேட ஏற்ற இடங்கள்.

அதுவரை பெட்டியைக் கழுவாதீர்கள், மறுபடி வண்ணம் பூசாதீர்கள், உட்புறம் பார்க்கவென்று கூரையை நெம்பாதீர்கள். பழைய பசை விடாது, மரம்தான் பிளக்கும். வார்ப்பு முனைகளில் நூல் போன்ற வெடிப்பும் சாம்பல் நிறப் பொடியும் தெரிந்தால், துத்தநாகக் கலவையில் கலந்த ஈயம் போன்ற கசடுகளால் உள்ளிருந்தே ஏற்படும் சிதைவு அது. நிறுத்த வழியில்லை, ஆனால் ஈரமில்லாத, வெப்பம் மாறாத இடத்தில் வைத்தால் மெதுவாகும். அந்தப் பொடியைத் தொட்ட கையைக் கழுவிக்கொள்ளுங்கள். படம் எடுத்து அனுப்புவதாக இருந்தால் எனக்கு நான்கு போதும்: எடை எண்கள் உள்ள மூலையின் சாய்வொளிப் படம், போகி கழற்றிய அடிப்புறம், முனைச் சுவரும் பக்கத் தகடும் சேரும் விளிம்பு, அளவுகோல் அருகில் வைத்த முழுப் பக்கம். பிளாஸ்டிக் கப்ளிங்கை மாற்ற விரும்பினால், கழற்றியதை அதன் திருகோடு ஒரு சிறு உறையில் இட்டு, எந்த முனையிலிருந்து எடுத்தது என்று எழுதிப் பெட்டியோடேயே வைத்துவிடுங்கள்.